மிஸ்டர் வாசுவின் குடம்

அத்தியாயம் ஐந்து

சாவியைக் காட்டுவதற்காக உமாபதி சட்டையைத் தூக்கினார். ரமணி நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

“பாருங்க மிஸ்டர் கார்த்திகேசு. அரைஞாண் கயித்துலயே கட்டி வச்சிருக்கேன். குளிக்கிறப்பகூட கழட்டறதில்ல. இது எந்தப் பூட்டோட சாவின்னு என் வீட்டம்மாவுக்கே தெரியாது.”

“எங்களுக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்,” என்று ரமணி காலண்டரில் இருந்த முருகனிடம் சொன்னாள்.

துப்பறியும் கார்த்திகேசு சிரிக்கவில்லை. போலீஸ் வேலையில் பாதி ஆயுளைக் கழித்து, மேலதிகாரிகளுக்கு சல்யூட் அடித்துக் கை வலித்துப்போய் வெளியே வந்து, கோலா சிலாங்கூரில் சொந்தமாக விசாரணை நிலையம் நடத்துகிறவர் அவர். ரமணி அவருடைய உதவியாளர். சம்பளம் குறைவு, வாய் அதிகம். முதலாவதைக் கூட்டாதவரை இரண்டாவதைக் குறைக்கச் சொல்ல அவருக்கு உரிமையில்லை என்பது அவள் கட்சி.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ‘உமா மார்க்கெட்டிங்’. ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஒரு இரும்பு அலமாரி. வியாபாரம் எவர்சில்வர் பாத்திரம்தான், ஆனால் அறையில் ஒரு கரண்டிகூடக் கிடையாது. எல்லாம் டெலிபோனிலேயே விற்றது. 1986-இல் இது பெரிய நாகரிகம். உமாபதி தம்மை அமெரிக்காக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் யார் வீட்டில் டெலிபோன் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். யார் வீட்டிலும் இல்லை. ஆனால் தோட்டத்துக்கு ஒரு மளிகைக்கடை உண்டு, கடையில் ஒரு டெலிபோன் உண்டு. இங்கிருந்து கடைக்குப் போன் போட்டு, லயத்தில் இன்ன வீட்டு அக்காவைக் கூப்பிடச் சொல்வார்கள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்ததும் குடத்தின் பெருமையைப் பாடுவார்கள். குடம் லோரியில் போகும். டுயிட், அதாவது காசு, சம்பள நாளுக்குச் சம்பள நாள் கொஞ்சம் கொஞ்சமாக வரும். குடத்தில் வீட்டுக்காரர் பெயரை இலவசமாக வெட்டியும் கொடுப்பார்கள். கல்யாணச் சமையலுக்கும் கோயில் சமையலுக்கும் இரவல் போன குடம் சொந்த வீட்டுக்கே திரும்பி வருவதற்குப் பெயர் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வியாபாரத்தின் உயிர் உமாபதியின் பட்டியல். எந்தத் தோட்டத்தில் எந்தக் கடை, என்ன டெலிபோன் எண், எந்த வீடு, வீட்டுக்காரர் பெயர் என்ன, சம்பளம் எப்போது. எல்லாவற்றையும் தாமே மோட்டார் சைக்கிளில் அலைந்து கேட்டு, தாமே டைப் அடித்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். போன மாதம் சுங்கை பெசார் பாத்திரக்கடை சின்னையா அதே வீடுகளுக்கு, அதே அக்காமார்களுக்கு, அதே சம்பள நாளில் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

“வக்கீல் தெளிவா சொல்லிட்டாரு,” என்றார் உமாபதி. “டெலிபோன் புத்தகத்துல இருக்கிற பேரு ஊருக்கே பொது. யாரு எடுத்தாலும் கோர்ட்டு கேக்காது. ஆனா ஒருத்தன் அலைஞ்சு திரிஞ்சு சேத்தது, வெளியில எங்கயும் கிடைக்காதது, ரகசியமா பூட்டி வச்சது, அது சொத்து. நம்பி வேலைக்கு வச்ச ஆளு அத வெளியில குடுத்தா நம்பிக்கை துரோகம். கோர்ட்டு தடை போடும். அதுக்கப்புறம் அந்தப் பட்டியல வச்சி சின்னையா ஒரு வீட்டுக்குக்கூட போன் போட முடியாது.”

“ரகசியமா இருந்துச்சுன்னு நிரூபிக்கணுமே?” என்றார் கார்த்திகேசு.

“அதுக்குத்தானங்க சட்டையத் தூக்கினேன்!”

“யார் திருடினதுன்னு சொல்றீங்க?”

“வேற யாரு? முரியல். இங்க உக்காந்து போன் பேசற பொண்ணு. மூணு வருஷம் சோறு போட்டேன். இப்ப ரவாங்குல ஏதோ ஃபேக்டரியில டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைச்சிருக்காம், திங்கக்கிழமை போறாளாம். போறவ சும்மா போவாளா? வித்துட்டுப் போறா. காலையிலயே அந்த ஃபேக்டரிக்குப் போன் பண்ணிட்டேன். என் கடிதம் வர்ற வரைக்கும் அவள உள்ள விடாதீங்கன்னு சொல்லிட்டேன்.” மேசைமேல் இருந்த உறையைத் தட்டினார். “கடிதம் ரெடி. அஞ்சு மணிக்கு நீங்க ரிப்போர்ட்டு குடுத்தா, வக்கீலுக்கு ஒண்ணு, போலீசுக்கு ஒண்ணு, ஃபேக்டரிக்கு ஒண்ணு.”

“எனக்கு ஒண்ணு வேணாம்,” என்றாள் ரமணி. “பட்டியல் பூட்டுக்குள்ள. சாவி உங்க இடுப்புல. அப்புறம் அந்தப் பொண்ணு எப்படிப் பாத்துச்சு?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல உமாபதி அலமாரியைத் திறந்தார். ஒரு கோப்பை எடுத்து, சீட்டு விளையாடுகிறவரைப்போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையால் முக்கால் பக்கத்தை மறைத்தார்.

“இப்படித்தான் உக்காருவேன். நம்பரை மட்டும் வாசிப்பேன். அவ சுத்துவா. ‘லயம் ரெண்டு, வீடு ஏழு’ம்பேன். கடைக்காரர்கிட்ட வீட்டு நம்பரச் சொல்லி ஆளக் கூப்பிடச் சொல்லுவா. பேசி முடிஞ்சதும் ‘அடுத்தது!’ம்பேன். அவ்வளவுதான். ஒரு நாள்கூட பட்டியல அவ கண்ணுல காட்டினதில்ல. பேரக்கூட வாசிச்சதில்ல. அவளுக்கு எதுக்குப் பேரு?”

“குடத்துல வெட்டறதுக்குப் பேரு வேணுமே?”

“அத அவளே போன்ல கேட்டு, வெட்டறவருக்கு சொல்லிருவா. நான் மேனேஜ்மெண்டுமா. சின்ன விஷயத்துல தலையிடறதில்ல.”

“கண்ணுலயே காட்டலன்னா எப்படித் திருடினா?”

“காதால!” என்றார் உமாபதி. “மூணு வருஷம் கேட்டா மனப்பாடம் ஆயிடாதா? அந்தக் காது சாதாரணக் காதில்ல. பிசாசுக் காது.”

கார்த்திகேசு தலையாட்டினார். “நீங்க இப்ப சொன்னது எல்லாமே வக்கீலுக்கு முக்கியம். ரமணி, எழுதிக்க. பட்டியல் அவர் கையைத் தவிர வேற யார் கைக்கும் போனதில்ல. சாவி அவரைத் தவிர யார்கிட்டயும் இல்ல. முரியல் ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்ததில்ல, பேர் எதையும் கேட்டதில்ல. நம்பர் மட்டும்தான் காதுல விழுந்துச்சு.”

ரமணி எழுதினாள். உமாபதி ஒவ்வொரு வரிக்கும் “கரெக்ட்டு” என்றார். கடைசியில் நீளமாக ஒரு கையெழுத்தும் போட்டார். எழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

*

கீழே கடைவாசல் நடைபாதையான ஐந்தடியில், சாய்த்து நிறுத்தியிருந்த சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் குடை. அதை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் வெயிலுக்குக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

“நீங்கதான் துப்பறியிறவரா? நான்தான் திருடி,” என்றாள். “முரியல்.”

“வணக்கம்,” என்றாள் ரமணி. “திருடிங்க பொதுவா பின்வாசல்ல நிப்பாங்க.”

“பின்வாசல்ல மூத்திர நாத்தம்லா.” முரியலுக்குக் கண் சிவந்திருந்தது. அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்திருந்தாள். “சார், நான் சுங்கை செம்பிலாங். எங்கப்பா காப்ரியல் மீன் லோரி ஓட்டறாரு. எனக்கு ஆபீசு வேலை கிடைச்சிருக்குன்னு கோயில்ல பூசை முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா நிறுத்தி நிறுத்திச் சொல்லிட்டாரு. இப்ப ஃபேக்டரிக்காரங்க கடிதம் வரட்டும்னு சொல்லிட்டாங்க. திருடின்னு ஒரு கடிதம் போனா எந்தக் கம்பெனி என்னைய போன் பக்கத்துல உக்கார வைக்கும்? நான் எங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“பட்டியலைக் குடுத்தியாமா?” என்று கார்த்திகேசு நேராகவே கேட்டார்.

“பட்டியலா? அதோட பின்பக்கத்தைத்தான் சார் மூணு வருஷமா பாத்திருக்கேன். பழுப்புக் கலர் அட்டை. ஓரத்துல கோப்பிக் கறை. அதைக் கேட்டா நல்லா சொல்லுவேன்.”

“ஆளுங்களத் தெரியுமா?”

“பேசிப் பழகினவங்களத் தெரியாம இருக்குமா? யாருக்குப் பிள்ளை பொறந்துச்சு, யாரு மாமியாரோட பேசறதில்ல, எல்லாம் தெரியும். அது குத்தமா சார்? அதுக்கும் சட்டம் இருக்கா?”

கார்த்திகேசு கார்ச் சாவியைத் தேடி எடுத்தார். அவருக்கும் தெரியாது.

*

சுங்கை பெசார் போகிற வழியெல்லாம் நெல் வயல். பழைய டட்சன் கார் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு தடவை இருமியது.

“பாஸ், உங்களுக்கு என்ன தோணுது?” என்றாள் ரமணி.

“அந்தப் பொண்ணு பொய் சொல்லல.”

“அழுததாலயா?”

“அழுதது நிஜமான்னு தெரியாது. கோப்பிக் கறை நிஜம். நான் பாத்தேன்.”

சின்னையாவின் கடை கடைத்தெருவில் மூலைக்கடை. வாசலிலேயே எவர்சில்வர் குடங்கள் மலையாகக் கிடந்தன. ஓர் ஆள் அவற்றைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னையா பெரிய உடம்புக்காரர், அதைவிடப் பெரிய எரிச்சலில் இருந்தார்.

“திருட்டுப் பட்டியலா? நான் திருடலயே. காசு குடுத்து வாங்கினேன். ஒரு ஆளு போன் பண்ணினான். முரியலுக்காகப் பேசறேன்னான். வாயில துணி வச்சிக்கிட்டுப் பேசினான்போல, குரல் கடமுடன்னுச்சு. பட்டியலைப் பஸ்ல போட்டு அனுப்பினான், நானும் பஸ்லயே பணத்தை அனுப்பினேன். கோர்ட்டுல வந்து முரியல் பேருதான் சொன்னான்னு சொல்லச் சொன்னா சொல்லிட்டுப் போறேன்.”

ரமணி கார்த்திகேசுவைப் பார்த்தாள். முரியலின் கழுத்தில் இன்னொரு முடிச்சு விழுந்துவிட்டது.

“வியாபாரம் அமோகமா நடக்குதுபோல?” என்றார் கார்த்திகேசு குடமலையைப் பார்த்து.

“அமோகமா? இதெல்லாம் திரும்பி வந்ததுங்க! எங்க குடம் இல்லன்னு அனுப்பிட்டானுங்க. இலவசமா பேரு வேற வெட்டிக் குடுத்தேன். வெட்டின பேர அழிக்க முடியுமா? இத இனிமே யாருக்கு விப்பேன்?”

ரமணி குனிந்து ஒரு குடத்தைத் திருப்பினாள். கழுத்தோரமாக அழகாக வெட்டியிருந்தது: திரு. தேவி. அடுத்ததைத் திருப்பினாள்: திரு. கலா.

“பாஸ், இந்தப் பக்கத்து ஆம்பளைங்களுக்கு என்னமா பேரு வைக்கிறாங்க!”

“எனக்கு என்னாம்மா தெரியும்?” என்று சின்னையா கத்தினார். “வீட்டுக்காரர் பேருன்னு போட்டிருந்துச்சு, பக்கத்துல தேவின்னு இருந்துச்சு. வெட்டச் சொன்னேன். மொத்தமா ஆர்டர் குடுத்துட்டேன். நான் எங்க ஒவ்வொண்ணாப் பாக்கறது?”

“எல்லாமே திரும்பிடுச்சா?”

“மார்ட்டன் தோட்டத்துல ரெண்டு மட்டும் வரல. ஏழாம் வீட்டு வாசு, பத்தாம் வீட்டு ராஃபேல். அந்த ரெண்டுதான் சரியான பேரு போல.”

கார்த்திகேசு ‘திரு. கலா’வை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு, பசியாறிவிட்டுப் போகலாமா என்று கேட்ட ரமணிக்குக் காதே கொடுக்காமல் காரில் போய் உட்கார்ந்தார்.

*

மார்ட்டன் தோட்டம் சபாக் போகிற வழியில் இருக்கிற, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். லயத்துக்குள் கார் நுழைந்ததும் பத்தாம் வீடு எது என்று கேட்க வேண்டியதே இல்லாமல் போனது. “ராஃபேல்! யோவ் ராஃபேல்! குழாய மூடாமப் போயிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்று அங்கிருந்து ஒரு பெண் குரல் லயம் முழுக்கக் கேட்டது.

ஏழாம் வீட்டில் கதவைத் திறந்தவள் கங்கா. தலையில் எண்ணெய், கையில் முருங்கைக்கீரை.

“மிஸ்டர் வாசு இருக்காரா?” என்றார் கார்த்திகேசு மரியாதையாக.

கங்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “இருக்கான். என்னா செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யலங்க. ஒரு விசாரணை. அவரக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?”

“டேய் வாசு!”

வீட்டுக்குப் பின்னாலிருந்து மிஸ்டர் வாசு வந்தார். வயது நாலு இருக்கும். இடுப்பில் ஒரு கால்சட்டை, அதுவும் ஒரு பொத்தானின் தயவில். வாயில் பிஸ்கட்டு.

ரமணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவளுக்கு நாகரிகம் தேவைப்பட்டது.

“நீங்கதான் குடம் வாங்கின வாசுங்களா?” என்றார் கார்த்திகேசு, மரியாதையைக் குறைக்காமல்.

“என் கொடம்,” என்றான் வாசு. “என் பேரு போட்டிருக்கு. குடுக்க மாட்டேன்.”

“அதாங்க வம்பு,” என்றாள் கங்கா. “திருப்பி அனுப்பலாம்னு பாத்தா இவன் விடமாட்டேங்கிறான். கட்டிப்புடிச்சிக்கிட்டுத் தூங்கறான்.”

அடுக்களையில் இரண்டு குடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ‘திரு. வாசு’. மற்றொன்றில் ‘தங்கராஜு’.

“இந்தத் தங்கராஜு குடம் யார்கிட்ட வாங்கினது?”

“அது முரியல்கிட்ட, போன வருசம். நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு சோடியா இருக்கட்டுமேன்னு, போன் வந்ததும் அதே கம்பெனின்னு நெனச்சி சரின்னுட்டேன். வந்து பாத்தா இப்படி.”

“உங்க வீட்டுக்காரர் பேரு தங்கராஜுங்களா அக்கா?” என்றாள் ரமணி.

கங்கா கீரையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“குடத்தக் கொண்டாந்த லோரிக்காரர்கிட்ட பேரு தப்புன்னு சொல்லலியா?”

“தப்புன்னு சொன்னா, சரி எதுன்னு கேப்பாருல்ல?” என்றாள் கங்கா. “புருசன் பேர நான் எப்படி தங்கச்சி வாயால சொல்றது? அதோ பத்தாம் வீட்டு அகதா, அது ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லும். நமக்குப் பழக்கமில்லியே.”

கார்த்திகேசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாசு அவர் மடிக்குக் குறுக்கே நடந்துபோய்த் தன் குடத்தைப் பிடித்துக்கொண்டான்.

“யோசிச்சு சொல்லுங்கமா. யாராவது எப்பவாவது வந்து உங்க வீட்டுக்காரர் பேரக் கேட்டாங்களா?”

“ஒருத்தர் வந்தாரு. இவன் கைப்பிள்ளையா இருந்தப்போ. மோட்டார்ல வந்தாரு, சஃபாரி சூட்டு போட்டுக்கிட்டு, வேர்த்து ஊத்திக்கிட்டு. பாத்திரக் கம்பெனின்னாரு. வீட்டு நம்பர எழுதினாரு. வீட்டுக்காரர் பேரு என்னன்னாரு. நான் வாசு அப்பான்னேன். ‘வாசு’ன்னு எழுதிக்கிட்டு, அடுத்ததுன்னு பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாரு. அங்க கலா அம்மா. அதுவும் கலா அப்பான்னுச்சு.”

“முரியல் மட்டும் எப்படி சரியா வெட்டுச்சு?”

“அது கெட்டிக்காரப் பொண்ணு. ‘அக்கா, கூச்சமா இருந்தா போனக் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டுத் திரும்பி நில்லுங்க’ன்னுச்சு. நான் திரும்பி நின்னேன். கடைக்காரரு சொன்னாரு. அதுக்கப்புறம் எங்க லயம் பூரா அப்படித்தான்.”

பத்தாம் வீட்டில் ராஃபேல் மறுபடியும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கார்த்திகேசு எழுந்து கால்சட்டையைத் தட்டினார்.

“ரமணி, இந்த ரெண்டு குடமும் நமக்கு இன்னிக்கு வேணும்.”

“தங்கராஜு குடம் சுலபமா வந்துடுவாரு பாஸ். மிஸ்டர் வாசுகிட்ட நீங்கதான் பேசணும்.”

பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் இரண்டு ஐஸ் பொட்டோங் குச்சி ஐஸும், குடம் நாளைக்கே திரும்பி வரும் என்ற வாக்குறுதியும் கொடுத்தபிறகுதான் மிஸ்டர் வாசு இறங்கி வந்தார்.

*

அவர்கள் திரும்பியபோது உமாபதி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முரியலும் கூட வந்தாள். கார்த்திகேசு கூப்பிட்டிருந்தார்.

“இவ எதுக்கு?” என்றார் உமாபதி.

“திருடியை வச்சிக்கிட்டுத்தான் ரிப்போர்ட்டு வாசிக்கணும்,” என்றாள் ரமணி. “அதுதான் நாவல் முறை.”

கார்த்திகேசு இரண்டு குடங்களையும் மேசைமேல் வைத்தார். டெலிபோனை நகர்த்த வேண்டியிருந்தது.

“ரெண்டும் ஒரே வீட்டுக் குடம். மார்ட்டன் தோட்டம், லயம் ரெண்டு, வீடு ஏழு. இது முரியல் வித்தது. தங்கராஜு. சரியான பேரு. இது சின்னையா வித்தது. வாசு. வாசுங்கிறது பிள்ளை. வீட்டுக்காரர் பேர அந்தம்மா வாயால சொல்லாது. அதனால ஒரு சஃபாரி சூட்டுக்காரர்கிட்ட வாசு அப்பான்னு சொல்லிச்சு. அவரு அவசரத்துல வாசுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.”

உமாபதி தம் சஃபாரி சூட்டைக் குனிந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

“உங்க கோப்பைத் திறங்க. ஏழாம் வீட்டுக்கு என்ன பேரு?”

உமாபதி திறக்கவில்லை. ரமணி கை நீட்டித் திறந்தாள். வாசு. அதற்குக் கீழே கலா.

“முரியல் அந்தக் குடும்பத்தோட பேசின பொண்ணு. அது காதால கேட்டு வித்திருந்தா தங்கராஜுன்னு குடுத்திருக்கும். வாசுங்கிற பேரு இந்த உலகத்துல ஒரே ஒரு காகிதத்துலதான் இருக்கு. அந்தக் காகிதத்தப் பாத்து அப்படியே அடிச்சதுதான் சின்னையாகிட்ட போயிருக்கு.”

“அப்ப இவ அலமாரியைத் திறந்து பாத்துட்டா!”

“சாவி?”

“நான் அசந்த நேரத்துல எடுத்திருப்பா.”

“உங்க அரைஞாண் கயித்துலேருந்தா?” என்றாள் ரமணி.

“சீ!” என்றாள் முரியல். அவள் முகத்தில் வந்த அருவருப்பைப் பார்த்தபிறகு எந்த நீதிபதியும் அதற்குமேல் கேட்டிருக்கமாட்டார்.

உமாபதிக்கு வேர்த்தது. “சரி, சரி. நான் சொன்னதுல கொஞ்சம் மாத்திக்கறேன். அலமாரி சில நேரம் திறந்தே கிடக்கும். யார் யாரோ வருவாங்க போவாங்க. யாரு வேணா பாத்திருக்கலாம்.”

“தாராளமா மாத்திக்கலாம்,” என்றார் கார்த்திகேசு. “யாரு வேணா பாக்கலாம்னா அது ரகசியமில்ல. ரகசியமில்லன்னா கோர்ட்டு பாதுகாப்பு கிடையாது. உங்க பட்டியலும் டெலிபோன் புத்தகமும் ஒண்ணு. வழக்கே இல்ல, திருட்டும் இல்ல. இல்ல, ரகசியம்தான்னா, உங்களத் தவிர அத யாரும் தொட்டதில்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப பஸ்ல போட்டு அனுப்பினது யாரு?”

“ரெண்டு கோடு வேற இழுத்திருக்காரு பாஸ்,” என்றாள் ரமணி, காகிதத்தை விசிறிக்கொண்டே.

உமாபதி மேசையைத் தட்டினார்.

“என் பட்டியல்! நான் அலைஞ்சு சேத்தது! விப்பேன், கிழிப்பேன், எரிப்பேன்! அதக் கேக்க நீ யாரு?”

“விக்கலாம். உங்க சொத்து. ஆனா வித்துட்டு, காசையும் வாங்கிக்கிட்டு, அப்புறம் கோர்ட்டுல தடை வாங்கி சின்னையா அத உபயோகிக்க முடியாமப் பண்ணணும்னா நடுவுல ஒரு திருடன் வேணும். வேலைய விட்டுப் போற பொண்ணு வசதியா கிடைச்சா. அவ பேரச் சொல்லியே வித்தீங்க.” கார்த்திகேசுவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. “உங்களுக்கு அது ஒரு தந்திரம். அவங்கப்பா ஊர் பூரா சொல்லி வச்சிருக்காரு, தெரியுமா உங்களுக்கு?”

“சின்னையாவுக்குச் சொல்லணுமா பாஸ்?” என்றாள் ரமணி டெலிபோனைத் தொட்டு. “அவர் கடையில திரு. தேவிங்க நிறைய பேர் காத்திருக்காங்க. வித்தவர் யாருன்னு தெரிஞ்சா லோரியிலயே கொண்டாந்து இங்க இறக்கிடுவாரு.”

“வேணாம்,” என்றார் உமாபதி. சாயங்காலம் ஆக ஆக அவருடைய அமெரிக்கா மிகவும் தூரம் போய்விட்டிருந்தது. “என்னா செய்யணும்? சொல்லுங்க.”

கார்த்திகேசு உறையில் இருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். “புதுசா எழுதுங்க. உங்க கையாலயே. ஃபேக்டரிக்கு ஒண்ணு. முரியல் எந்தக் குத்தமும் செய்யல, நான் போன்ல சொன்னது பொய்யின்னு. இப்பவே. ரமணி ரவாங்குக்கு நேராக் கொண்டு போயிடுவா.”

“நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?” என்றாள் ரமணி.

உமாபதி பேனாவை எடுத்தார். ‘இதனால் தெரிவிப்பது என்னவென்றால்’ என்று ஆரம்பித்து, ‘முரியல்’ என்று எழுதி நிறுத்தினார். ஃபேக்டரிக்குப் போகிற கடிதம். அடையாள அட்டையான ஐ.சி.யில் இருக்கிறபடி முழுப்பேர் வேண்டும். முரியல், இன்னாருடைய மகள்.

அவர் நிமிர்ந்தார். மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். கழுத்து மெல்ல சிவந்தது.

“உங்கப்பா பேரு என்னாமா?”

“எழுதுங்க சார்,” என்றாள் ரமணி அப்பாவியாக. “முரியல் அப்பா.”

பழக்க தோஷம். உமாபதியின் பேனா ‘மு’ என்று எழுதியேவிட்டது. கார்த்திகேசுகூடச் சிரித்துவிட்டார்.

முரியல் சிரிக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, உமாபதியின் எதிர் நாற்காலியில், தன்னுடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். டெலிபோனைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள்.

“அத அடிச்சிருங்க. புதுத் தாள் எடுங்க. நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க.” அவர் புதுத் தாளை எடுக்கும்வரை காத்திருந்தாள். “முரியல். காப்ரியலின் மகள். சுங்கை செம்பிலாங்.”

உமாபதி எழுதினார். எழுத்து எழுத்தாக, ஒன்றையும் விடாமல். முடித்துவிட்டுத் தலை நிமிராமலே காத்திருந்தார்.

“எழுதிட்டீங்களா?” என்றாள் முரியல். “அடுத்தது!”